மூணரை வட்டி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒண்ணைப் புடுங்குனா ரெண்டு அடிச்சு வைக்கிறாங்க. மறந்துடலையே மக்களே? :)

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு சில மாசமா யோசனை. ஏன்னா இதுல என் மானம் கொஞ்சம் கப்பலேறும். ஆனா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் இப்ப குழந்தை குட்டின்னு ஆகிட்டீங்க. யாருக்காவது உபயோகப்படும்னா ஏறட்டும், கப்பல்தானே.

2025 மே மாசம். ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊரு கோவில்பட்டி. (கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்தியான்னு கேக்கறவங்களுக்கு: வாங்கினேன், சாத்தூர் தாண்டறதுக்குள்ள நானே தின்னுட்டேன்.) எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அக்கா வீடு. அத்தான் சொந்தமா ஒரு லோடு ஆட்டோ ஓட்டுறார். மருமகப்புள்ளைக்கு 13 வயசு, எட்டாவது முடிச்சு லீவுல இருந்தான்.

நான் போன ரெண்டாவது நாள் காலையில அக்காகிட்டேர்ந்து போன். குரலே சரியில்ல.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போ."

நடந்தது இதுதான். கேஸ்காரர் சிலிண்டரை இறக்கி வச்சிட்டு வாசல்ல நிக்கிறார். அக்கா செல்லுல ஸ்கேன் பண்ணி காசு அனுப்புறா. போகல. மறுபடி. போகல. "அக்கவுண்ட்ல காசு இல்லேன்னு காட்டுதும்மா"ன்னு கேஸ்காரரே எட்டிப் பார்த்து சொல்லிருக்கார். அக்கவுண்ட்ல பதினஞ்சாயிரத்துக்கு மேல இருக்கணும். ஸ்கூல் ஃபீஸுக்குன்னு சேர்த்து வச்ச காசு.

நம்ம ஆளு மூலையில உக்காந்து அழுதுட்டு இருந்தான். செல்லுல விளையாடுற ஒரு கேம்ல டைமண்ட் வாங்கிருக்கான். துப்பாக்கிக்கு புதுக் கலர், கதாபாத்திரத்துக்கு புதுச் சட்டை, இந்த மாதிரி. நான் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை இறக்கி உக்காந்து எண்ணுனேன். 41 நாள்ல 37 தடவை. 89 ரூபாய், 159 ரூபாய், அதிகபட்சம் 799. மொத்தம் 14,600 சொச்சம்.

"எவ்வளவு செலவு பண்ணிருப்பேன்னு நினைக்கிற?"ன்னு கேட்டேன்.

"ஒரு ரெண்டாயிரம் இருக்கும் மாமா."

பொய் சொல்லல. நிஜமாவே அவன் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தான். அந்த எடத்துல எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

"பின் நம்பர் உனக்கு எப்படிடா தெரியும்?"

"அம்மாதான் சொன்னாங்க."

அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. விஷயம் என்னன்னா, அந்த வீட்டுக்கு கேஷியரே அவன்தான். பால்காரருக்கு அனுப்பு, கரண்ட் பில் கட்டு, ஆச்சி செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணு, எல்லாம் அவன். யூபிஐ 2016ல வந்தப்போ அவனுக்கு நாலு வயசு. அவனுக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து காசுன்னா அது ஆறு நம்பர், ஒரு டிக் மார்க், ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்கு ஏழெட்டு வயசுல அம்மா பத்து ரூபாய் நோட்டைக் கையில குடுத்து கடைக்கு அனுப்புவாங்க. கால் கிலோ உளுந்து, ஒரு தேங்காய்ச் சில்லு, மீதிச் சில்லறை. வர்ற வழியெல்லாம் அந்தச் சில்லறையை எண்ணிட்டே வருவேன். ஒரு ரூபாய் குறைஞ்சா திரும்பக் கடைக்கு ஓடணும். நாலணா காசு சட்டப்படி செல்லாமப் போனது 2011 ஜூன்லதான். அதுக்கு முன்னாடியே கடைக்காரங்க வாங்குறத நிறுத்திட்டு மிட்டாயைக் கையில திணிச்சாங்க. மிட்டாய் கணக்குல வராதுன்னு அம்மா என்னைத் திட்டுனது இன்னும் ஞாபகம் இருக்கு :)

அது பொருளாதாரப் பாடம்னு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா கையில இருந்தது குறையறத கண்ணால பார்த்தோம். பத்து ரூபாய் நோட்டு போச்சு, ரெண்டு காயின் வந்துச்சு. மருமகனுக்கு அந்தக் காட்சியே கிடைக்கல. அவனுக்குக் காசு அனுப்பத் தெரியும், காசு எண்ணத் தெரியாது. அதுலயும் அந்த கேம்காரன் ரூபாயை முதல்ல டைமண்டா மாத்திடுறான். அப்புறம் எல்லா விலையும் டைமண்ட்ல. 159 ரூபாய்க்கு ஒரு சட்டைன்னு போட்டிருந்தா இவனுக்கே உறைச்சிருக்கும்.

(2025 ஆகஸ்ட்ல காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டு சட்டம் வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத்துக்கு அதுக்கு முன்னாடியே சட்டம் இருக்கு. ஆனா இந்த டைமண்ட் வியாபாரம் அதுல வராது. காசு ஜெயிக்கிறதுக்காகக் கட்டி ஆடுற ஆட்டத்துக்குத்தான் அங்க தடை. இங்க ஜெயிச்சாலும் பைசா வராது, வெறும் செலவு. அதனால சட்டம் பார்த்துக்கும்னு நாம கையைக் கட்டிட்டு இருக்க முடியாது.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

அத்தான் மதியம் வந்தார். அடிப்பார்னு எல்லாரும் பயந்துட்டு இருந்தோம். அவர் அடிக்கல. ஒண்ணுமே பேசாம கை கழுவிட்டு சாப்பிட உக்காந்தார். அதுதான் பையனுக்கு இன்னும் பயமாப் போச்சு. சாயங்காலம் அவனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். திண்ணையில உக்காந்து ஒரு பழைய நோட்டை எடுத்தேன்.

"அப்பாவுக்கு ஒரு நாளைக்கு டீசல், வண்டி ட்யூ எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்?"

தெரியல. எனக்கும் தெரியாது. அத்தானுக்கே போன் போட்டுக் கேட்டோம். நல்ல நாள்ல 700 ரூபாய்னார். "14,600ஐ 700ஆல வகுத்துப் பாரு"ன்னேன். போட்டான். 20.86. அப்பா 21 நாள் மூட்டை ஏத்தி இறக்குன காசு. பையன் அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தான்.

"சரி, இப்ப இதைத் திருப்பிக் குடுக்கணும். மாசம் உன்னால எவ்வளவு முடியும்?"

"ஆச்சி, சித்தப்பா எல்லாம் குடுக்கிறத சேர்த்தா... 200 முடியும் மாமா."

"எத்தனை மாசம் ஆகும்?"

"73." கொஞ்ச நேரம் விரல் விட்டான். "மாமா, நான் காலேஜ்ல மூணாவது வருஷம் வந்துருவேன்!"

சிரிச்சுட்டேன். அங்கயே நிறுத்திருக்கலாம். நமக்குத்தான் வாத்தியார் வேலைன்னா வாய் நிக்காதே. "இது அப்பா கடன், அதனால வட்டி இல்ல. இதையே க்ரெடிட் கார்டுல வாங்கிருந்தேன்னு வையி, மாசம் மூணரை வட்டி. முதல் மாச வட்டி மட்டும் எவ்வளவு?"ன்னு கேட்டேன்.

போட்டான். 511 ரூபாய்.

"நான் 200தானே கட்டுவேன்? அப்போ கட்டக் கட்ட கடன் ஏறிட்டே போகும்ல மாமா? இப்படி யாராவது வாங்குவாங்களா?"

இந்த எடத்துலதான் மக்களே, எனக்குத் தொண்டையில ஏதோ சிக்குன மாதிரி ஆச்சு.

ஏன்னா வாங்குனவன் அவன் எதிர்லதான் உக்காந்திருந்தான்.

2019ல காலேஜ் முடிச்சு ஓஎம்ஆர்ல பொட்டி தட்ட வந்த புதுசு. ஆபீஸ் வாசல்லயே ஸ்டால் போட்டு கார்டு குடுத்தாங்க. லைஃப்டைம் ஃப்ரீ. ஒரு போன், ஒரு ஷூ, ஃப்ரெண்ட்ஸோட கோகர்ணா, வாரக்கடைசி சாப்பாடு. 2020 செப்டம்பர்ல பில் 60,000. கையில அவ்வளவு இல்ல. பில்லுலயே தடிச்ச எழுத்துல ஒரு வழி போட்டிருந்தான்: குறைந்தபட்சத் தொகை 3,000. அட, நல்லவனா இருக்கானேன்னு கட்டுனேன்.

அந்த 3,000 என்னாச்சுன்னு சொல்றேன். மூணரை வட்டிக்கு 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378. ஆக 2,478 போச்சு. அசல்ல குறைஞ்சது 522 ரூபாய்! அதுக்கப்புறம் அந்த கார்டுல ஒரு சாமான் வாங்கல. ஆனா 14 மாசம் இதே குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டுனேன். மொத்தம் கிட்டத்தட்ட 39,700 கட்டிருக்கேன். கடன் குறைஞ்சது 6,900. எஞ்சினியரிங்ல எம்-1, எம்-2, எம்-3 எல்லாம் பாஸ் பண்ணவன் நான். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் தெரியும். பில்லைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கத் தெரியல. கடைசியில ஒரு நண்பன்கிட்ட கைமாத்து வாங்கி மொத்தமா அடைச்சேன். அவன் மட்டும் இல்லேன்னா இன்னும் கட்டிட்டு இருப்பேன்.

மருமகன் "ரெண்டாயிரம் இருக்கும்"னு சொன்னப்ப சுருக்குன்னுச்சுன்னேன்ல? அந்த 60,000 பில் வந்த அன்னைக்கு நான் மனசுல வச்சிருந்த கணக்கு 25,000.

வீட்ல யாருக்கும் சொன்னதில்ல. அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட சொன்னேன். செல்லுல மெயிலைத் தேடி அந்தப் பழைய பில்லையே காட்டுனேன். அவன் ஒவ்வொரு வரியா படிச்சான். "மாமா, நீங்க பெரிய ஆளாச்சே, உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"ன்னான். நக்கல் இல்ல. சந்தேகமாத்தான் கேட்டான்.

சொல்லித் தரலதான். எங்க வீட்ல காசுப் பேச்சு வந்தா "நீ போய்ப் படி"ன்னு உள்ள அனுப்பிடுவாங்க. யாராவது கடன் கேட்டு வந்தா எங்களை ட்யூஷனுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கிளப்பி விட்டுருவாங்க. பிள்ளைங்களுக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னு அப்பாவுக்கு எண்ணம். அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கார். மெல்ல வெளிய வந்து திண்ணையில உக்காந்தார்.

"மூணரை வட்டியா?"

"ஆமாப்பா."

"நம்ம ஊர்ல மூணரை வட்டிக்கு விட்டா அவனைக் கண்டாலே ஒதுங்கிப் போவாங்க. உங்க ஊர்ல ஏசி போட்டு உக்காந்து விடுறானா?"

பையன் சிரிச்சுட்டான். நானும்தான். அப்பா சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, என்னைப் பார்க்காம அவனைப் பார்த்து சொன்னார்.

"உங்க மாமா காலேஜ் சேர்ந்தப்ப தாத்தா ஒன்றரை லட்சம் வாங்குனேன். ரெண்டு வட்டி. மாசம் 3,000 வட்டி மட்டும். மாமா வேலைக்குப் போயி மாசம் பத்தாயிரம் அனுப்புனான்ல, அதை வச்சுத்தான் அசலை அடைச்சேன். 2021லயே முடிஞ்சிருக்கணும். கொரோனால அவனுக்கு கம்பெனில சம்பளத்தைக் குறைச்சுட்டாங்கல்ல, அதான் தள்ளிப் போயி 2022லதான் முடிஞ்சுச்சு."

எனக்கு அப்படி ஒரு கடன் இருந்ததே தெரியாது. சத்தியமா தெரியாது.

இன்னொண்ணும் இருக்கு. கம்பெனில சம்பளத்தை யாரும் குறைக்கல. கார்டு பில் கட்டணும்னு நான் வீட்டுக்கு அனுப்புறதை பத்தாயிரத்துலேர்ந்து அஞ்சாயிரமா குறைச்சுட்டு, கொரோனா மேல பழியைப் போட்டேன். 14 மாசம். 70,000 ரூபாய். அப்பா எனக்காக மாசாமாசம் 3,000 வட்டி கட்டிட்டு இருந்த அதே நாள்ல, நான் ஒரு போனுக்கும் ஷூவுக்கும் மாசம் 3,000 கட்டிட்டு இருந்திருக்கேன். சரி, அனுப்பாத மீதி 2,000 எங்க போச்சு? இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட கணக்கு இல்ல.

அவர் தெரியாமத்தான் சொன்னாரா, தெரிஞ்சே சொன்னாரான்னு இப்பவும் எனக்குப் புரியல.

"அப்பா... சம்பளத்தைக் குறைக்கல. இந்த கார்டுக்குத்தான் கட்டுனேன்"னேன்.

அவர் தெருவைப் பார்த்துட்டு இருந்தார். ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும்.

"இப்ப ஏதும் கடன் இருக்கா?"

"இல்லப்பா."

"சரி. சாப்பிட வாங்க ரெண்டு பேரும்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி அவர் பேசல.

அன்னைக்கு ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். எனக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னு அவர் மறைச்சார். அவருக்கு வருத்தம் தெரியக் கூடாதுன்னு நான் மறைச்சேன். ரெண்டுல ஒண்ணு வெளிய வந்திருந்தாலும் நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு வட்டி கட்டிருக்க மாட்டோம். அவருக்கு ஒரு கடன் இருக்குன்னு பதினெட்டு வயசுல எனக்குத் தெரிஞ்சிருந்தா, அந்த ஸ்டாலைத் தாண்டி பேசாமப் போயிருப்பேன்னுதான் நம்புறேன்.

மறுநாள் அக்கா வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரு முடிவுக்கு வந்தோம். பையனுக்கு மாசம் 600 ரூபாய். யூபிஐல இல்ல, ரொக்கமா, பத்தும் இருபதுமா நோட்டு. அதுல 200 கடனுக்குப் பிடித்தம், 24 மாசத்துக்கு. 4,800 ஆச்சு. மீதி 9,800? அக்காவே சொன்னா: "அது என் கணக்கு. பின் நம்பரைக் குடுத்துட்டு மெசேஜைக்கூடப் பார்க்காம இருந்தேன்ல, அதுக்கு அபராதம்." எனக்கு என் அக்காவை அன்னைக்கு ரொம்பப் பிடிச்சுது.

இன்னொரு முடிவு, மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை வீட்டுக் கணக்கை எல்லாரும் சேர்ந்து எழுதுறது. வாடகை, மளிகை, வண்டி ட்யூ எல்லாம். எழுதுறது பையன்.

என்ன ஆச்சுன்னா, ஜூன் மாசம் கையில வந்த 400 பதினோராம் தேதியே காலி. அழுதான். ஆச்சி ரகசியமா அம்பது ரூபாய் குடுத்து, அது நோட்டுல வரவுல எழுதப்பட்டு, ஆச்சிக்கு எல்லார்கிட்டயும் திட்டு :)) ஜூலைல 23ஆம் தேதி வரைக்கும் வந்துச்சு, அப்புறம் சைக்கிள் பஞ்சர். ஆகஸ்ட்ல முதல் நாளே பஞ்சருக்குன்னு 40 ரூபாய் தனியா எடுத்து அம்மாவோட வெந்தய டப்பாவுல போட்டு வச்சுட்டான். மாசக் கடைசியில 35 மிச்சம். எங்கம்மாவும் இப்படித்தான் கடுகு டப்பா, சீரக டப்பான்னு பிரிச்சு வைப்பாங்க. ரத்தம்!

இன்னொரு கூத்து. வீட்டுக் கணக்கு எழுதறப்ப மாசம் 149 ரூபாய் தானாப் போயிட்டு இருக்கிற ஒரு ஓடிடி சந்தாவைக் கண்டுபிடிச்சான். ஒரு வருஷமா யாருமே பார்க்கல. வாங்குனது அத்தான். அன்னைக்கு அத்தான் முகத்தைப் பார்க்கணுமே!

இதுலேர்ந்து எனக்குப் பட்டதை மட்டும் சொல்றேன்.

1. முதல்ல நோட்டும் சில்லறையும், அப்புறம் செல். குறையறத கண்ணால பார்க்காத பிள்ளைக்கு நம்பர் குறையறது உறைக்காது.

2. தொகை சின்னதா இருக்கலாம், தேதி மாறக் கூடாது. கேட்டப்பல்லாம் குடுத்தா பிள்ளை கேக்கத்தான் கத்துக்கும், பிரிச்சு வைக்கக் கத்துக்காது. நடுவுல தீர்ந்தா தீர்ந்ததுதான். (ஆச்சிகள் கவனத்துக்கு.)

3. பின் நம்பரைக் குடுக்காதீங்க. 2024ல வந்த யூபிஐ சர்க்கிள்ல, பிள்ளை அனுப்பக் கேட்டா நம்ம செல்லுக்கு வந்து, நாம சரின்னாதான் போகும்ங்கிற மாதிரி வச்சுக்கலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு அது போதும்.

4. பத்து வயசு ஆன பிள்ளைங்க தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த, பேங்க் வைக்கிற வரம்புக்குள்ள அனுமதிக்கலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லிருக்கு. 2025 ஏப்ரல்ல புது வழிமுறை வந்து, ஜூலைக்குள்ள பேங்க்குகள் அதுக்கு மாறணும்னு சொன்னாங்க. அந்தக் கணக்குல இருப்புக்கு மேல எடுக்க முடியாது. நம்ம ஆளும் தொடங்கிட்டான். கையெழுத்துப் போட்டுப் பழகவே நாலு நாள், ஒரு முழு பக்கம் வீணாப் போச்சு.

5. நம்ம தப்பைச் சொல்லுங்க. நான் அறிவுரை சொன்னப்ப அவன் தலையாட்டுனான். பழைய பில்லைக் காட்டுனப்பதான் கேள்வி கேட்டான்.

அஞ்சாவதுதான் கஷ்டம். எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்போ பையன் நோட்டைக் காட்டுனான். பின் அட்டையில ஏதோ கட்டம் போட்டு வச்சிருந்தான். என்னன்னு பார்த்தா, "மாமா – தாத்தா: 70,000" அப்படின்னு ஒரு தலைப்பு. கீழ 14 கட்டம், எல்லாம் காலி.

"என்னடா இது?"

"நீங்க எப்ப ஆரம்பிக்கப் போறீங்க மாமா?"

மாசம் 5,000. ரெண்டு கட்டம் அடிச்சாச்சு. அப்பா "எதுக்குய்யா இதெல்லாம்"னார். ஆனா வாங்கி பேங்க்ல போட்டுட்டார். இன்னும் 12 இருக்கு.

டிஸ்கி: நான் நிதி ஆலோசகர் எல்லாம் இல்லீங்க. பொட்டி தட்டுறவன். மேல இருக்கிற கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க, மருமகன்கிட்ட குடுத்துத் திருத்திடறேன் :)